தட்டிப் பார்த்தல்

நான் கற்ற முதற் பொறியியல் பாடம் கல்லூரியில் கற்றதன்று, சந்தையில் கற்றது. எங்கள் ஊர்ச் சந்தையின் ஒரு மூலையில், மரநிழலில், குயவர் ஒருவர் பானைகளை அடுக்கி வைத்து விற்பது வழக்கம். ஒரு நாள் அம்மாவுடன் நானும் பானை வாங்கச் சென்றேன். செக்கச் சிவந்து, வழவழப்பாக, வளைவில் ஒரு குறையும் இன்றி நின்ற பானை ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. “இதையே வாங்குவோம், அம்மா” என்றேன். அம்மா அதை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி, அதன் வயிற்றில் மெல்லத் தட்டினார். மந்தமான ஓசை எழுந்தது. பிறகு அருகில் இருந்த வேறொரு பானையைத் தட்டினார். அது ‘கணீர்’ என்று ஒலித்தது. அந்தப் பானையே எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் விரும்பிய பானையை எவ்வளவு திருப்பிப் பார்த்தும் அதில் கீறல் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அதனை அம்மாவிடம் சொன்னேன். “கண்ணுக்குத் தெரிந்தால் தட்டிப் பார்ப்பானேன்?” என்று கூறி அவர் சிரித்தார். குயவரும் சினம் கொள்ளவில்லை. மந்தமாக ஒலித்த பானையைத் தாமே எடுத்து ஒருபுறம் ஒதுக்கி வைத்தார்.

ஆண்டுகள் பல சென்றன. நான் பொறியியல் கற்று ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியில் அமர்ந்தேன். ஒரு பொருளின்மீது மற்றொரு பொருள் மிகுந்த வேகத்துடன் மோதினால் என்ன நேரும் என்பதைக் கணிப்பொறியின் துணையால் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது என் பணி. அப்பணியில் நான் செய்த ஒரு பிழையையும், அப்பிழையின் வாயிலாக நான் அறிந்துகொண்ட ஒரு பெருந்துயரையும் இங்கே கூற விரும்புகிறேன்.

நான் ஆராய்ந்த பொருள் இரும்பும் அன்று, அலுமினியமும் அன்று. கார்பன் நார்களைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் கூட்டுப்பொருள் அது. ஒரு நாரின் தடிமன் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். அஃதாவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஏழு கூறு. தனி நார் எளிதில் ஒடியும். ஆயிரக்கணக்கான நார்கள் ஒரே திசையில் கிடந்து பிசினால் பிணைக்கப்பட்டால், அத்திசையில் இழுக்கும் விசையை அவை எஃகைப்போலத் தாங்கும். குறுக்கே இழுத்தாலோ, பிசினின் வலிமை ஒன்றே துணை. ஆகவே ஓர் அடுக்கில் நார்களை நெடுக்காகவும், அடுத்த அடுக்கில் குறுக்காகவும், அதற்கடுத்த அடுக்கில் சாய்வாகவும் வைத்து ஒட்டுகின்றனர். கூடை முடைபவர் ஓலையை நெடுக்கும் குறுக்குமாகப் பின்னுவதும் இக்கருத்துப் பற்றியே அன்றோ? இவ்வாறு செய்த தகட்டின் எடை அதே பருமனுள்ள எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆகும். இக்காரணத்தால் வானவூர்தி செய்வோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். 2011-ஆம் ஆண்டு பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கிய போயிங் 787 விமானத்தின் கட்டுமான எடையில் ஏறத்தாழப் பாதி இத்தகைய கூட்டுப்பொருளே.

இத்துணைச் சிறப்புடைய பொருளுக்கு ஒரு குறையும் உண்டு. அது தன் காயத்தை மறைக்கும். உலோகத் தகட்டின்மீது சுத்தியல் விழுந்தால் தகடு குழியும். அக்குழி, ‘இங்கே அடி விழுந்தது’ என்று பார்ப்பவர்க்கெல்லாம் அறிவிக்கும். கூட்டுப்பொருள் அவ்வாறு அறிவிப்பதில்லை. அடி விழுந்த நொடியில் தகடு வளைகிறது. வளையும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மீது நழுவ முயல்கிறது. இடையில் உள்ள பிசின் வெடித்து, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிறகு தகடு மீண்டும் நிமிர்ந்துகொள்கிறது. மேற்பரப்போ முன்போல வழவழப்பாகவே இருக்கிறது. நூறு தாள்களை ஒன்றாக ஒட்டினால் அந்த அட்டை விறைத்து நிற்கும். ஒட்டு விட்டுப்போனால் ஒவ்வொரு தாளும் தனித்தனியே துவளும். அடுக்குப் பிரிந்த தகட்டின் நிலையும் இத்தகையதே. அழுத்தும் விசை வரும் நாளில் அது தாங்காது.

இனி, மோதலைக் கணிப்பொறி எவ்வாறு கணக்கிடுகிறது என்பதைச் சுருங்கக் கூறுவேன். தகட்டை ஆயிரக்கணக்கான, சில வேளைகளில் இலட்சக்கணக்கான, சிறு கட்டங்களாக மனத்தால் வெட்டுகிறோம். காலத்தையும் அவ்வாறே வெட்டுகிறோம். ஒரு கட்டத்தை ஒலியலை கடந்து செல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அதனினும் குறைந்த நேரமே ஒரு காலடி. கார்பன் தகட்டில் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்கு அது ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவில் அமையும். ஒவ்வொரு காலடியிலும், ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும், நியூட்டனின் இயக்க விதியைக் கொண்டு விசையையும் வேகத்தையும் கணிப்பொறி கணக்கிடும். கட்டம் தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டதா என்று பார்க்கும். கடந்திருந்தால் அக்கட்டத்தின் வலிமையைக் குறைத்துவிட்டு அடுத்த காலடி எடுத்து வைக்கும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிகழும் மோதலுக்கும் இவ்வாறு பதினாயிரம் காலடிகள் வேண்டும். மனிதன் ஒருவன் எழுதுகோலால் செய்யத் தொடங்கினால் அவன் வாழ்நாள் போதாது. கணிப்பொறி ஓர் இரவில் முடித்துவிடும். முடித்தபின், எங்கே எவ்வளவு சேதம் என்பதைச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் நீலமாகவும் வண்ணம் தீட்டிக் காட்டும்.

அந்த வண்ணப் படமே என்னை ஏமாற்றியது. பணியில் சேர்ந்த புதிதில், ஆலங்கட்டி மோதினால் ஒரு கார்பன் தகடு என்ன ஆகும் என்று கணக்கிடும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. நான் கணக்கிட்டேன். படம் முழுவதும் நீலம். மோதிய இடத்தில் மட்டும் சிறு மஞ்சள் பொட்டு. ‘சேதம் மிகச் சிறிது’ என்று அறிக்கை எழுதி, எங்கள் மூத்த பொறியாளரிடம் பெருமையுடன் நீட்டினேன். அவர் படத்தைப் பாராட்டவும் இல்லை, பழிக்கவும் இல்லை. “தம்பி, எந்தச் சோதனையோடு இதை ஒப்பிட்டீர்?” என்று மட்டும் கேட்டார். நான் விழித்தேன்.

மறுவாரம் சோதனை நடந்தது. காற்றழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கியிலிருந்து பனிக்கட்டி உருண்டை ஒன்று பாய்ந்து, தகட்டின்மீது மோதித் தூளாகச் சிதறியது. நான் ஓடிச் சென்று பார்த்தேன். தகட்டில் ஒரு தழும்பும் இல்லை. “ஐயா, என் கணக்கு சரியாயிற்று!” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். தகட்டின் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்தார். ஓரத்தில் ‘கணீர்’ என்று ஒலித்த தகடு, நடுவில் மந்தமாக ஒலித்தது. அந்த ஓசையைக் கேட்டதும் எனக்குச் சந்தையும் மரநிழலும் பானையும் ஒருங்கே நினைவுக்கு வந்தன. என் நெஞ்சு திடுக்கிட்டது. பிறகு மீயொலிக் கருவியால் அத்தகட்டை ஆராய்ந்தோம். உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடந்த பரப்பு, என் படத்தில் இருந்த மஞ்சள் பொட்டைப்போலப் பன்மடங்கு பெரிதாக இருந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? கணிப்பொறி தவறு செய்யவில்லை. அடுக்குகள் ஒன்றோடொன்று என்றும் பிரியாதவை என நானே கொண்டு கணக்கை அமைத்திருந்தேன். அவ்வாறு அமைத்தால் வேலை எளிது, நேரமும் மிச்சம். பிரிவதற்கு நான் இடமே கொடாதபோது, அவை பிரியும் என்று கணிப்பொறி எங்ஙனம் கூறும்? நான் கேளாத வினாவுக்கு அது விடை சொல்லவில்லை. ஆனால், விடை இல்லாத இடத்தை நீல வண்ணம் தீட்டி, விடை போலவே காட்டிவிட்டது.

நான் நாணித் தலைகுனிந்து நின்றேன். மூத்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கொலம்பியா என்னும் விண்வெளி ஓடத்தின் அழிவை ஆராய்ந்த குழு 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையை என் கையில் கொடுத்து, “இதைப் படியும். உம் பிழையால் ஒரு தகடு போயிற்று. இங்கே போனவை ஏழு உயிர்கள்” என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை. அதில் படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

2003-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் புளோரிடாவிலிருந்து கொலம்பியா விண்ணை நோக்கிப் புறப்பட்டது. அதில் எழுவர் இருந்தனர். அவருள் ஒருவர் அரியானாவின் கர்னால் நகரிற் பிறந்த கல்பனா சாவ்லா. சண்டிகரில் வானூர்திப் பொறியியல் கற்று, அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்று, விமானத்தைச் சுற்றிக் காற்று ஓடும் வகையைக் கணிப்பொறியால் கணக்கிடும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர் அவர். கணக்கை நம்பி வாழும் எங்கள் தொழிலுக்கு அவரும் உறவினரே.

ஓடம் புறப்பட்டு 82 நொடிகள் கழிந்தபோது, அதனுடன் இணைந்திருந்த பெரிய எரிபொருள் தொட்டியின் மேலிருந்து நுரைப்பொருள் ஒரு துண்டு பெயர்ந்தது. தொட்டியில் உள்ள கடுங்குளிர்த் திரவங்கள் வெப்பம் அடையாமலும், தொட்டியின் மேல் பனி படியாமலும் காப்பதற்காகப் பூசிய நுரை அது. துண்டின் எடை ஏறத்தாழ 760 கிராம். நம் வீட்டு மெத்தையில் உள்ள நுரையைப் போல இலேசான பொருள். ‘இது மோதி என்ன ஆகிவிடும்?’ என்று எண்ணத் தோன்றும். ஆனால் இலேசான பொருளைக் காற்று விரைவில் தடுத்து நிறுத்திவிடும். அப்போது ஓடமும் தொட்டியும் மணிக்கு ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தன. பெயர்ந்த நுரையின் வேகம் ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஏறத்தாழ 1,650 கிலோமீட்டராகக் குறைந்தது. பின்னால் வந்த இறக்கையோ வேகம் குறையாமல் வந்தது. நுரை சென்று இறக்கையை மோதியது என்பதைவிட, இறக்கை சென்று நுரையை மோதியது என்பதே பொருத்தம். அம்மோதலின் ஆற்றல், ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள மோட்டார் வண்டி மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் ஆற்றலுக்கு ஒப்பானது.

அடிபட்ட இடம் இடப்பக்க இறக்கையின் முன்விளிம்பு. ஒவ்வோர் இறக்கையின் முன்விளிம்பிலும் வளைந்த காப்புத் தகடுகள் 22 இருந்தன. அவையும் ஒரு வகைக் கூட்டுப்பொருளே. கார்பன் நார்த் துணியைக் கார்பனாலேயே பிணைத்து ஆக்கியவை. பூமிக்குத் திரும்பும்போது அவ்விளிம்பில் எழும் 1,600 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கவல்லவை. வெப்பத்தைத் தாங்கும் அப்பொருள், அடியைத் தாங்கும் திறத்தில் மண்பானைக்கு உறவானது; வளையாது, உடையும்.

மோதல் நிகழ்ந்ததை மறுநாளே நிழற்படச் சுருளில் கண்டுகொண்டனர். ஓடம் விண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் இருந்த பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட முற்பட்டனர். அவர்கள் கையில் இருந்தது, பள்ளம் என்னும் பொருள்படும் ‘கிரேட்டர்’ என்ற கணக்குமுறை. சிறுசிறு துண்டுகளை வெப்பத் தடுப்பு ஓடுகளின்மீது சுட்டுச் சோதித்து, அச்சோதனைகளிலிருந்து வகுத்த சூத்திரம் அது. அச்சோதனைகளில் பயன்பட்ட துண்டுகளைவிட, கொலம்பியாவைத் தாக்கிய துண்டின் கனஅளவு சில நூறு மடங்கு பெரிது. எலுமிச்சம்பழத்தைத் தூக்கப் பழகியவனின் அனுபவத்தைக் கொண்டு, அவன் பாறையைத் தூக்குவானா என்று கணித்தது போன்றது இது.

வியப்பு என்னவெனில், அந்தச் சூத்திரங்கூட எச்சரிக்கையே செய்தது. ஓட்டின் தடிமனையும் கடந்து சேதம் செல்லக்கூடும் என்று அது கூறியது. ஆனால் அச்சூத்திரம் எப்போதும் சேதத்தை மிகைப்படுத்திக் கூறும் இயல்பினது என்று சொல்லி, அவ்விடையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டனர். முன்விளிம்பின் தகட்டைப் பொறுத்தவரையிலோ, பனிக்கட்டியைக் கொண்டு முன்பு நடத்திய சோதனைகளே இருந்தன. நுரை பனிக்கட்டியைவிட இலேசானது, ஆகவே பெரிய தீங்கு இராது என்று முடிவு கட்டினர். ஐயம் தீராத பொறியாளர் சிலர், விண்ணில் உள்ள ஓடத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டனர். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. தட்டிப் பார்க்க வேண்டிய பானையைத் தட்டிப் பாராமலே விட்டனர். ஓடத்தில் இருந்தவர்களுக்கும், கவலைக்கு இடமில்லை என்னும் செய்தியே சென்றது.

பிப்ரவரித் திங்கள் முதல் நாள், தரையிறங்குவதற்கு ஏறத்தாழ 16 நிமிடங்களே இருந்தபோது, டெக்சாசு மாநிலத்தின் வானில் கொலம்பியா சிதறியது. முன்விளிம்பில் இருந்த துளையின் வழியே கொதிக்கும் வாயு உள்ளே புகுந்து, இறக்கையின் அலுமினிய எலும்புகளை உருக்கிவிட்டது. எழுவரும் மாண்டனர்.

அதன் பின்னரும், நுரை கார்பன் தகட்டை உடைக்கும் என்பதை நம்பாதவர் இருந்தனர். ஆகவே விசாரணைக் குழுவினர் இயற்கையையே கேட்க முடிவு செய்தனர். 2003 ஜூலை 7-ஆம் நாள், டெக்சாசின் சான் அந்தோனியோ நகரில் உள்ள ஆய்வுக்கூடத்தில், நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் பெரிய துப்பாக்கியிலிருந்து, அதே எடையுள்ள நுரைத் துண்டை, நொடிக்கு ஏறத்தாழ 236 மீட்டர் வேகத்தில், உண்மையான எட்டாம் தகட்டின்மீது செலுத்தினர். கண்ணிமைக்கும் நேரத்தில் தகட்டில் ஒரு துளை விழுந்தது. அதன் அகலம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். ஒரு மனிதனின் தலை எளிதில் நுழையும் அளவு. சூழ்ந்து நின்றவர்கள் திகைத்துப்போயினர்.

இக்கதை இத்துடன் முடிந்திருந்தால், கணக்கை நம்பாதே என்பதே அதன் படிப்பினையாகும். ஆனால் கதை முடியவில்லை. மீண்டும் பறக்கும் முன், விண்வெளி நிறுவனத்தின் பொறியாளர்கள் கணக்கை அடியிலிருந்து புதிதாகக் கட்டினர். ‘எல்.எஸ்.-டைனா’ என்னும் கணிப்பொறி நிரலை எடுத்துக்கொண்டனர். நான் மேலே விளக்கிய கட்டங்களும் காலடிகளும் கொண்ட முறையே அது. ஆனால் அதற்குள் இடும் எண்களை ஊகித்து இடவில்லை. நுரையை நசுக்கியும் இழுத்தும் அதன் இயல்பை அளந்தனர். கார்பன் தகட்டின் சிறு துண்டுகளை உடைத்து அதன் வலிமையை அளந்தனர். பிறகு தட்டையான சிறு தகடுகளின்மீது சுட்டு, அதிவேகப் படக்கருவிகளால் படம் பிடித்து, கணக்கோடு ஒப்பிட்டனர். ஒத்துவந்த பின்னரே முழுத் தகட்டுக்குச் சென்றனர். இவ்வாறு படிப்படியாகத் தட்டிப் பார்த்துக் கட்டிய கணக்கு, எவ்வளவு பெரிய நுரைத் துண்டு, எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் வந்தால் தகடு உடையும் என்பதைச் சொல்லும் தகுதி பெற்றது. அந்த இடத்தின் நுரையும் தொட்டியிலிருந்து நீக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு ஜூலையில் டிஸ்கவரி என்னும் ஓடம் மீண்டும் பறந்தது. அதுமுதல், 2011-ஆம் ஆண்டு ஓடங்கள் ஓய்வு பெறும் வரையில், விண்ணிலேயே இறக்கையின் விளிம்பை ஆராய்ந்து பார்க்கும் வழக்கமும் நிலைபெற்றது.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அது முழு உண்மை அன்று என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சுரைக்கொடியை நட்டு, நீரூற்றி, காயை அரிந்து பார்த்தவன் எழுதிய ஏடு கறிக்கு நிச்சயம் உதவும். கொடியையே காணாதவன் எழுதிய ஏடுதான் உதவாது. ஏடு இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். என் வண்ணப் படம்கூட அழகாகத்தான் இருந்தது. ஆகவே, ஏட்டைக் கையில் எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இது எங்கே தட்டிப் பார்க்கப்பட்டது?’

அன்றுமுதல் நான் இரண்டு வழக்கங்களைக் கைக்கொண்டேன். சோதனை நடக்குமுன் என் கணக்கின் விடையை எழுதி, நாளிட்டு, மூத்தவரிடம் கொடுத்துவிடுவேன். “முன்னே எழுதினால் அது கணிப்பு, பின்னே எழுதினால் அது கதை” என்பார் அவர். மற்றொன்று, ஒவ்வோர் அறிக்கையின் முதற்பக்கத்திலும், எந்த எடைக்கும் எந்த வேகத்துக்கும் உள்ளாக இக்கணக்கு சோதிக்கப்பட்டது என்பதையும், அதற்கு அப்பால் எனக்குத் தெரியாது என்பதையும் எழுதுவேன். ‘தெரியாது’ என்று எழுத முதலில் என் கை கூசியது. இன்று கூசுவதில்லை. அன்று அப்பொறியாளர்கள் அவ்வொரு சொல்லை முதற்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தால், படம் எடுத்துப் பார்க்கவேனும் மேலிடத்தார் இசைந்திருப்பரோ என்று எண்ணாத நாள் இல்லை.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கணிப்பொறியும் கார்பன் நாரும் அவருக்குப் புதியவை. ஆயினும் பொறுமையாகக் கேட்டார். முடிவில், “அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்கள், சற்றுத் தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அக்கேள்விக்கு விடை கூற என்னால் இயலவில்லை. அது என்னையும் நோக்கிய கேள்வியே அன்றோ?